யாருடைய உடம்பு, யாருடைய முடிவு?

1960களில் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால் நடைமுறை இப்படித்தான் இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்து, கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உறையவைத்து, மெலிதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிடும். புற்றுநோய் இல்லை என்றால் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். இருக்கிறது என்றால், அவர் மயக்கத்தில் இருக்கும்போதே மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்ததும் அந்தப் பெண் கையால் நெஞ்சைத் தடவிப் பார்ப்பார். சின்னக் கட்டு என்றால் பிழைத்தோம் என்று அர்த்தம். நெஞ்சு முழுக்கக் கட்டு என்றால் புற்றுநோய். தனக்கு என்ன நோய் என்ற சேதி அவருக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த டாக்டர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இரண்டு முறை மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, நாளைக் கடத்தினால் நோய் பரவிவிடும் என்று மனதார நம்பினார்கள். நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி அவரைக் கலங்கடிப்பானேன் என்று நினைத்தார்கள். அவர் நன்மைக்காக, அவரைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள்.

நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம் என்ற பேச்சு இன்று பல இடங்களில் கேட்கிறது. அதைக் கேட்டவுடன் பலருக்கும் கனிவான பேச்சு, சிரித்த முகம், உட்கார நல்ல நாற்காலி என்றுதான் தோன்றும். அவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் இதன் உயிர்நாடி வேறு. என்ன நோய், என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் லாப நஷ்டம் என்ன என்பதை டாக்டர் விளக்குகிறார். தன் வாழ்க்கை எப்படிப்பட்டது, தனக்கு எது முக்கியம், எதைத் தாங்க முடியும் என்பதை நோயாளி சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சிகிச்சை முடிவாக வேண்டும். இவ்வளவுதான். இந்த எளிய விஷயத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது. அதன் மேற்கத்திய வரலாற்றை மட்டும் இங்கே பார்ப்போம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நடப்பது பெரும்பாலும் அந்த மரபில் வந்ததுதான்.

ஒரு விசித்திரம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நோயாளியின் பேச்சுக்கு இன்றைக்கு இருப்பதைவிட மதிப்பு அதிகம். எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்றொரு புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். எங்கே வலிக்கிறது, தூக்கம் எப்படி, என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கல்லன் பலரை நேரில் பார்க்காமலே பதில் எழுதி மருந்து சொல்லுவார். தன் பதில்களுக்கெல்லாம் நகல் எடுத்துப் பத்திரப்படுத்தினார். ஜேம்ஸ் வாட் நகலெடுக்கும் கருவியைக் கண்டுபிடித்ததும் அதையும் வாங்கிப் பயன்படுத்தினார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. உடம்புக்குள் பார்க்க வழி எதுவும் இல்லாத காலம் அது. நோயாளி சொல்வதுதான் டாக்டருக்கு முக்கியமான சாட்சியம். அதனால் காது கொடுத்துக் கேட்டார்கள். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர்கள் கொடுத்த சிகிச்சை பெரும்பாலும் ரத்தத்தை வடிய விடுவதும் வாந்தி, பேதிக்குக் கொடுப்பதும்தான்.

1816-ல் பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில் ரெனே லெனெக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் இதயக் கோளாறோடு வந்தார். பருமனான உடம்பு என்பதால் நெஞ்சைத் தட்டிப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்கவும் சங்கோஜம். சில தாள்களை எடுத்து இறுக்கமாகக் குழல் போலச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேராகக் காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது. ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது.

மருத்துவத்துக்கு அது பெரிய வெளிச்சம். பாரிஸின் பெரிய ஆஸ்பத்திரிகளில், உயிரோடு இருந்தபோது நெஞ்சில் கேட்ட சத்தத்தையும், இறந்தபின் உடலைத் திறந்து பார்த்ததையும் ஒப்பிட்டு, எந்தச் சத்தம் எந்த நோய் என்று பிரித்துச் சொல்லக் கற்றார்கள். அப்புறம் கிருமிகளைப் பற்றிய அறிவு வந்தது, 1895-ல் எக்ஸ்ரே வந்தது, ரத்தப் பரிசோதனைகள் வந்தன. நம் வீடுகளில் குழந்தைகள் பிழைப்பதற்கும் காசநோய் குணமாவதற்கும் இந்த அறிவுதான் காரணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கூடவே ஓர் இழப்பும் நேர்ந்தது. நோயாளி வாய் திறக்காமலே அவர் நோயை டாக்டரால் கண்டுபிடிக்க முடிந்தது. கேட்கவேண்டிய தேவை குறைந்ததும், கேட்கும் பழக்கமும் குறைந்துபோனது.

கேட்காதது ஒரு பக்கம் என்றால், சொல்லாதது இன்னொரு பக்கம். டாக்டர் சொன்னதை நோயாளி உடனே, மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும், தன் சொந்த அபிப்பிராயத்தைக் குறுக்கே கொண்டுவரக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் வகுத்த நெறிமுறையிலேயே எழுதி வைத்திருந்தது. இந்த மனப்பாங்கு நூறு வருடத்துக்கும் மேல் நீடித்தது. 1961-ல் வெளியான ஓர் ஆய்வில் சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றின் 219 டாக்டர்களிடம், புற்றுநோய் என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டார்கள். சுமார் 90 சதவீதம் பேர் பொதுவாகச் சொல்வதில்லை என்றார்கள். கிட்டத்தட்ட அதே கேள்விகளை 1979-ல் வேறொரு ஆய்வில் கேட்டபோது 97 சதவீதம் பேர், சொல்வதையே விரும்புகிறோம் என்றார்கள். நடுவில் பதினெட்டே வருடம்! ஒரு தொழிலின் மனசாட்சி இவ்வளவு வேகமாகத் திரும்பியது அபூர்வம்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? நீதிமன்றங்கள் ஒரு காரணம். கலிபோர்னியாவில் ரத்தக்குழாய்ப் பரிசோதனை ஒன்றுக்குப் பின் ஒருவருக்குக் கால்கள் செயலிழந்துபோயின. அந்த வழக்கில் 1957-ல் வந்த தீர்ப்பு, விவரம் தெரிந்து தரும் சம்மதமே சம்மதம் என்ற கருத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கொடுத்தது. ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தது இன்னொரு காரணம். நாஜி டாக்டர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947-ல் உருவான நியூரம்பெர்க் விதிகளின் முதல் விதியே, சோதனைக்கு உட்படுகிறவரின் மனமொப்பிய சம்மதம் கட்டாயம் என்பதுதான். அது எழுதப்பட்ட பின்னும் அமெரிக்காவின் டஸ்கிகீ பகுதியில், சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. 1932-ல் தொடங்கிய அது, 1972-ல் செய்தித்தாளில் வந்த பிறகுதான் நின்றது.

ஆனால் சாதாரணமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் நிலை எப்படி மாறியது என்று புரிந்துகொள்ள, முதலில் சொன்ன மார்பகப் புற்றுநோயின் கதைக்கே திரும்பிப் போவது நல்லது. அதில் எல்லாமே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் வில்லியம் ஹால்ஸ்டட் ஒரு அறுவை சிகிச்சையைப் பிரபலமாக்கினார். மார்பகம் முழுவதும், அதற்கடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள், எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்துவிடுவது. குளத்தில் கல் போட்டால் அலை விரிவது போலப் புற்றுநோய் மையத்திலிருந்து ஒழுங்காக வெளியே பரவுகிறது, அதனால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. உயிர் பிழைத்த பெண்களுக்கு நெஞ்சு குழிவிழுந்து விலா எலும்பு தெரியும். கை வீங்கிப்போகும். தோளைத் தூக்கித் தலை சீவுவதே பலருக்குப் பாடாகிவிடும். முக்கால் நூற்றாண்டு இதுவே கைகண்ட வைத்தியம் என்று இருந்தது.

சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ், பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் தம்பி, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே கட்டியை மட்டும் எடுத்து ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

1970களில் பெண்களே பேச ஆரம்பித்தார்கள். குழந்தை நட்சத்திரமாக உலகமே அறிந்திருந்த ஷெர்லி டெம்பிளுக்கு 1972-ல் மார்பில் கட்டி வந்தது. முதலில் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், முடிவு தெரிந்தபின் என்ன செய்வதென்று நான் சொல்கிறேன் என்றார். டாக்டர் வெட்டட்டும், முடிவெடுப்பது நான் என்று அவர் பத்திரிகையில் எழுதியது பெரிய அளவில் பேசப்பட்டது. மேரிலாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் 1974-ல் அதே நிலைக்கு வந்தார். மருத்துவ நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தார். பரிசோதனை ஒரு நாள், அறுவை இன்னொரு நாள் என்று பிரித்துச் செய்ய ஒப்புக்கொள்ளும் டாக்டரைத் தேடி ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் செய்தார். பலரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒருவர் கிடைத்தார்.

அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் மார்பில் கட்டி. அவருக்கு ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே போன் போட்டு, இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லுங்கள் என்று மன்றாடினார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்ததாகக் குஷ்னர் பதிவு செய்திருக்கிறார். வெட்டுப்படப் போவது பெட்டி ஃபோர்டின் உடம்பு. முடிவெடுத்ததாகச் சொல்லப்பட்டவர் அவருடைய கணவர். இந்த ஒரு பதிலை வைத்தே அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். குஷ்னர் கேட்டது புதிய மருந்தை அல்ல. பரிசோதனைக்கும் அறுவைக்கும் நடுவே சில நாட்கள் கேட்டார். அந்தச் சில நாட்களில்தான் ஒருவர் அழ முடியும், வீட்டில் பேச முடியும், இன்னொரு டாக்டரைப் பார்க்க முடியும், வேறு வழி உண்டா என்று கேட்க முடியும். மயக்கத்தில் படுத்திருக்கும் ஒருவரால் இதில் எதையும் செய்ய முடியாது.

வேறு வழி உண்டு என்பதும் நிரூபணமானது. பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர், பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பல ஆஸ்பத்திரிகளில் சேர்ந்து செய்த பெரிய ஆய்வுகளை 1970களில் தொடங்கினார். 1971-ல் தொடங்கிய முதல் ஆய்வில் மட்டும் 1,665 பெண்கள் கலந்துகொண்டார்கள். தசையோடு சேர்த்து எடுத்தவர்களும் அப்படி எடுக்காதவர்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர் வாழ்ந்தார்கள். அடுத்த ஆய்வின் முடிவு 1985-ல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால், அதே மார்பில் நோய் திரும்பி வருவதும் வெகுவாகக் குறைந்தது. எதிர்க்கேள்வி கேட்ட பெண்களின் சந்தேகம் அறிவியல் ரீதியாகவும் சரியாக இருந்தது. 1979-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஹால்ஸ்டட் முறையை இனி வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம், பரிசோதனையையும் அறுவையையும் பிரித்துச் செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் டாக்டராகவோ விஞ்ஞானியாகவோ இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் ரோஸ் குஷ்னர்.

இதே காலத்தில் மருத்துவர்களுக்கு உள்ளேயும் சிந்தனை மாறிக்கொண்டிருந்தது. லண்டனில் மைக்கேல் பேலின்ட், ஈனிட் பேலின்ட் தம்பதியர் சாதாரணக் குடும்ப டாக்டர்களைக் கூட்டி வைத்து, அவர்களைக் குழப்பும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார்கள். நோயை மையமாக வைக்கும் மருத்துவத்துக்கு மாற்றாக நோயாளியை மையமாக வைக்கும் மருத்துவம் என்ற சொல்லை 1969-ல் எழுத்தில் முன்வைத்தவர் ஈனிட். 1977-ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் எங்கல், உடல், மனம், சமூகச் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்று வாதிட்டார். 2001-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், தரமான மருத்துவத்துக்கு வேண்டிய ஆறு இலக்குகளில் ஒன்றாக, நோயாளியை மையமாக வைப்பதைச் சேர்த்தது.

இதெல்லாம் நடக்கிற காரியமா, ஓபியில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவர் கதையையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1984-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் டாக்டரும் நோயாளியும் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டார். 74 பேரில் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர். சரி, விட்டிருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருப்பார்கள்? 2002-ல் சுவிட்சர்லாந்தில் இதையும் பார்த்துவிட்டார்கள். குறுக்கே பேசாமல் கேட்டால் நோயாளிகள் தாங்களாகவே சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். நம்மூர் ஓபியில் ஒன்றரை நிமிடமும் பெரிதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் பயப்படும் அளவுக்கு அது பெரியதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நோயாளி கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பது இந்த மருத்துவம் ஆகாது. சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால், வைரஸால் வரும் சளிக்கு அது பலன் தராது, ஏன் தராது என்று பொறுமையாகச் சொல்லி மறுப்பதுதான் டாக்டரின் கடமை. சர்க்கரை நோயாளி ஒருவர் மீன் மார்க்கெட்டில் அதிகாலை மூன்று மணிக்கே வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு டிபனுக்கு முன் இன்சுலின் என்று எழுதிக் கொடுத்தால் அது தாளில் மட்டும்தான் இருக்கும். எப்போது சாப்பிடுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் மருந்தின் நேரமே மாறும். மருந்தைப் பற்றிய அறிவு டாக்டருடையது. மூன்று மணி என்ற விவரம் நோயாளியிடம் மட்டும்தான் இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் எங்கே நிற்கிறது? மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே 1995-ல் டெல்லியில், மார்பகக் கதை மறுபடி நடந்தது போல ஒன்று நடந்தது. 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் மாதவிடாய்க் கோளாறுக்காகப் போனார். உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2008-ல் தீர்ப்பானது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, சுயநினைவு திரும்பப்போகிற ஒருவருக்காக அவர் அம்மா சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். இன்னொரு விதியும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது: மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளின்படி, நம்முடைய சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் பெரிய தடை பல சமயம் டாக்டர் இல்லை, நாம்தான். "டாக்டர், அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கதவுக்கு வெளியே கெஞ்சாத குடும்பம் குறைவு. நாங்களும் அதைத்தான் செய்தோம். என் பெரியம்மாவுக்கு மார்பில் வந்தது புற்றுநோய் என்று உறுதியானபோது, கொழுப்புக் கட்டி என்று சொல்லி வைத்தோம். வாரா வாரம் நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். பைலை அவர் கையில் கொடுக்காமல் நானே நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வேன். மூன்றாவது மாதம் ஒருநாள், போகும் வழியில் அவரே சொன்னார்: "ஏன்டா இவ்ளோ பாடுபடுறீங்க? மொத நாளே கண்டக்டர் சத்தம் போட்டுச் சொல்லிட்டாரே, கேன்சர் ஆஸ்பத்திரி எறங்குன்னு." மூன்று மாதம் அவர் தெரிந்துகொண்டே எங்களுக்காகத் தெரியாதது போல் இருந்திருக்கிறார். பயத்தை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனது பிசைகிறது.

குடும்பம் கூடி முடிவெடுப்பது தப்பில்லை. அது நம் பலம். ஆனால் அந்தக் கூட்டத்தில் நோயாளியும் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், பெரியவன் பார்த்துக்கொள்வான் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு, அதை மதிக்கலாம். அவரைக் கேட்காமல் நாமே அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்று உள்ளே போனதும் டாக்டரிடம் பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னை விட்டுவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்து உட்கார்ந்தார். ஊசி போட்ட பிறகு விரல் மரத்துப் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் பெரியம்மா. அதை அதுவரை அவர் எங்களிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. பகலில் என்ன வேலை செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. "பூ கட்டுவேன் சார். இப்போ நார் எங்க இருக்குன்னே வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது." மருந்தின் அளவைக் குறைத்தால் விரல் தப்பிக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நோய்க்கு எதிரான பலனும் கொஞ்சம் குறையக்கூடும், குறைக்காமல் போனால் மரத்துப்போவது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம் என்று இரண்டு பக்கத்தையும் நிதானமாகச் சொன்னார். பெரியம்மா ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் போய், குறைத்துக் கொடுங்கள் என்றார்.

பைலில் மருந்தின் அளவுக்குக் கீழே டாக்டர் ஒரு வரி சேர்த்து எழுதினார்: பூ கட்டும் தொழில், விரல்களைக் கவனிக்கவும். அடுத்த வாரம் வேறொரு டூட்டி டாக்டர், சின்னப் பெண், எங்களை முன்பின் பார்த்திராதவர். பைலைப் புரட்டிப் படித்துவிட்டு, "கையைக் கொடுங்கம்மா" என்று முதலில் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.